யானை இல்லாத யானை வீடு

நான் செய்த பொம்மைகளை அதிகமாகக் கையாண்டவர் அந்த மேஸ்திரிதான். கையாண்டது சம்மட்டியால். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வீட்டு முகப்புகளில் நான் சுதையில் செய்து நிறுத்திய சிப்பாய்களும் சிங்கங்களும் மயில்களும் எத்தனையோ அவர் கையால் தூளாகித் தெருவில் கிடந்திருக்கின்றன. அந்தக் காலத்தில் நாலு காசு சேர்ந்த எவரும் வீட்டு நெற்றியில் பொம்மை வைக்காமல் விடமாட்டார்கள். சுவர் அவருடைய வேலை, சுவருக்கு மேலே நிற்பது என்னுடைய வேலை. அப்படித்தான் பல வருஷம் ஒரே சாரத்தில் ஏறி இறங்கினோம். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பெயரைச் சொல்லி நல்லவர் என்று எழுத எனக்கு இன்னும் மனசு வரவில்லை. கெட்டவர் என்று எழுதவும் வரவில்லை.

குட்டையான ஆள். தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருக்கும். சம்மட்டியின் காம்பு சுருங்கித் தலை கழன்றுவிடக் கூடாது என்று அதைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு வைத்திருப்பார். நான் சாரத்தில் உட்கார்ந்து ஒரு சிங்கத்தின் பிடரியை இழைத்துக்கொண்டிருக்கும்போது அடிக்கொரு தரம் அந்தத் தொட்டியை எட்டிப் பார்ப்பேன். சம்மட்டி தண்ணீருக்குள் கிடந்தால் நிம்மதி. எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தால் சிங்கத்துக்கு ஆயுசு முடிந்தது என்று நானே இறங்கி வந்துவிடுவேன்.

உடைப்பதற்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு. சாந்து பூசும் கரணையைத் திருப்பிப் பிடித்து, பொம்மைக்குக் கீழே சுவரை அங்கங்கே தட்டுவார். பிறகு காதைச் சுவரில் வைத்துச் செத்த நேரம் நிற்பார். சில சமயம் ஒன்றும் சொல்லாமல் போய் ஒரு பீடி பற்றவைப்பார். பொம்மை பிழைத்தது என்று அர்த்தம். பாராட்டென்று அவரிடமிருந்து எனக்குக் கிடைத்ததெல்லாம் அந்தப் பீடிப்புகைதான். சில சமயம் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டுவார். அப்புறம் பேச்சே கிடையாது. மனிதர்களை அடிக்கும்போது ஊரே கேட்கும்படி கத்துகிறவர், பொம்மையை உடைக்கும்போது மட்டும் வாய் திறக்க மாட்டார்.

மனிதர்களை நிறையவே அடித்தார். சாந்து குழைப்பவன், செங்கல் சுமப்பவள், வண்டிக்காரன் என்று ஆள் பேதம் கிடையாது. ஆலங்குளத்துப் பக்கமிருந்து வந்த சுண்ணாம்பை ஒருநாள் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, நல்லா வேகாத கல்லு என்று சொல்லி, வண்டியைத் தெருவிலேயே குடை சாய்த்துவிட்டார். கேட்க வந்த வண்டிக்காரனின் முன்பல் ஒன்று போனது. இன்னொரு நாள் கொத்தனார் ஒருவன் நூல் பிடிக்காமல் வரிசை வைத்தான் என்று கரணையை வீசினார். அது அவன் நெற்றியைக் கிழித்தது. ரத்தம் கொட்டியது. அவரே ஓடிவந்து, கட்டியிருந்த வேட்டியின் முனையைக் கிழித்து அவன் தலையைக் கட்டினார். கட்டிக்கொண்டே, "புதுப் பூச்சுல ரத்தத்த சிந்துதியே, அறிவிருக்கா ஒனக்கு?" என்று வைதார். நானாக இருந்தால் அந்த இடத்திலேயே அவர் கழுத்தைக் கடித்திருப்பேன். அந்தக் கொத்தனார் சிரித்துக்கொண்டிருந்தான். அவரிடம் வேலை செய்தவர்கள் எல்லாரும் அப்படித்தான். அடி வாங்குவார்கள், போகமாட்டார்கள்.

அவர் வேதக்காரர். சேசு சபையோ வேறு எதுவோ, எனக்குத் தெரியாது. கழுத்தில் மாதா படம் போட்ட ஒரு தகடு கிடக்கும். அதனால் அவர் உடைத்தது மயிலாக இருக்கும்வரை பேசாமலிருந்த ஊர், ஒரு கிருஷ்ணனின் புல்லாங்குழல் கையை உடைத்ததும் பேச ஆரம்பித்தது. நம்ம சாமி என்றால் அவனுக்குக் கை துறுதுறுக்கிறது என்றார்கள். அது பொய் என்று எனக்குத் தெரியும். அவர்கள் தேவதூதனை, அதாவது சம்மனசையும் அவர் உடைத்திருக்கிறார், அதைச் செய்ததும் நான்தான்.

செண்பகத்தோப்புக்குப் போகும் பாதையில் வேதக்காரர்கள் சின்னதாக ஒரு கோவில் கட்டினார்கள். வாசல் வளைவுக்கு மேலே ஒரு சம்மனசு வேண்டும் என்று அவர்களுடைய சாமியார் என்னைக் கூப்பிட்டார். விரித்த இறக்கையோடு செய்தேன். இறகுக்கு இறகு கீறியிருந்தேன். மேஸ்திரி வந்தார், தட்டினார், காதை வைத்தார், துண்டை அவிழ்த்தார். இரண்டு இறக்கைகளும் கீழே விழுந்தன. சாமியார் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"இதுக்கு ரெக்கை எதுக்கு சாமி? பறக்கவா போவுது?" என்றார் மேஸ்திரி.

சாமியார் அவருக்குத் தண்டனை கொடுத்தார். பூசை முடியும் மட்டும் பீடத்துக்கு முன்னால் எல்லாரும் பார்க்க முழங்காலில் நிற்க வேண்டும். நின்றார். கைகளைக் கூப்பி, தலையை அண்ணாந்து, கண் கொட்டாமல் பக்தியோடு நின்றார் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்குச் சந்தேகம். வெளியே வந்ததும் என்னிடம், "அந்தப் பீடத்து வளைவுல எடது பக்கம் ஒரு கீத்து ஓடுது, பாத்தியா?" என்றார்.

இறக்கை போன சம்மனசு அங்கே வெறும் பையனாக நின்றது. நான் அதைப் பார்க்க அப்புறம் போகவேயில்லை.

எங்களுக்குள் சண்டை வராத நாள் குறைவு. ஒருநாள் சாரத்தில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கும்போது கேட்டேன்.

"மேஸ்திரி, தெருவுல போறவன் ஒரு வீட்ட என்ன சொல்லி அடையாளம் சொல்லுதான்? கிளி வீடு, சிப்பாய் வீடு. தூண் வீடுன்னு எவனாவது சொல்லுதானா? ஒம்ம வேலை எவன் கண்ணுலவே படுது?"

அவர் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு, "விழுந்த வீட்டுக்கு என்ன பேரு வப்பாவ?" என்றார்.

"நீரு கெட்டுன வீடு விழுமா?"

"நான் கெட்டுனது விழாது. நீ அது மேல ஏத்துனது விழும். வீடுன்னா அதுவே ஒரு பொம்மதாம்லே. நீ செய்யறது நகை. கழுத்து தாங்குற அம்புட்டுதான் நகை போடணும்."

அவருடைய பிள்ளையோ தம்பியோ சுவர் விழுந்து செத்திருக்கிறான், அதனால்தான் இந்த வெறி என்று ஊரில் ஒரு கதை இருந்தது. அப்படி ஏதாவது நடந்திருந்தால் தேவலை என்று எனக்கும் இருந்தது, அவரை மன்னிக்க வசதியாக இருக்கும். அன்றைக்கே கேட்டுவிட்டேன்.

"எங்க வீட்ல யாரும் சாகல," என்றார். "செத்தாத்தான் புத்தி வரணுமா?"

ராஜபாளையத்துப் பஞ்சு முதலாளி வீடு வந்தது யுத்த காலத்தில். முதலாளி வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ். நல்ல மனுஷர்தான், ஆனால் எதிர் வீட்டைப் பார்க்காமல் அவரால் தூங்க முடியாது. வாசலில் கார் வந்து நிற்க ஒரு போர்டிகோ. இரும்பு கிடைக்காத காலம் அது. எங்கேயோ பேசிப் பழைய தண்டவாளத் துண்டுகளை முதலாளி வாங்கிப் போட்டார். அவை நீளம் போதாமல் சுவருக்குள் கொஞ்சமாகத்தான் உட்கார்ந்தன. மேஸ்திரி அப்போதே சொல்லிவிட்டார்.

"இது தன்னத்தானே தாங்கிக்கிடும் முதலாளி. தலைமேல ஒண்ணும் வைக்கக் கூடாது."

முதலாளியும் சரி என்றார். போர்டிகோ மொட்டையாகவே முடிந்தது. அந்தச் சமயம் பார்த்து எதிர் வீட்டுக்காரர் தன் நெற்றியில் இரண்டு சிங்கங்களை ஏற்றினார். முதலாளிக்குப் பொறுக்கவில்லை. கஜலட்சுமி வேண்டும் என்றார். நடுவில் லட்சுமி, இரண்டு பக்கமும் தும்பிக்கை தூக்கிய யானை, கன்றுக்குட்டி உயரத்துக்கு.

"அப்ப நடுவுல ரெண்டு தூண் குடுங்க," என்றார் மேஸ்திரி.

"கார் திரும்புற எடத்துல தூணா?" என்றார் முதலாளி. பேச்சு அதோடு முடிந்தது.

நான் செய்தேன். ஏன் செய்யமாட்டேன்? என் வாழ்நாளில் அந்த மாதிரி இடம் எனக்குக் கிடைத்ததில்லை. கிழக்குப் பார்த்த முகப்பு, தெரு நீளத்துக்கும் தெரியும். கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் விட்டு என் கையாலேயே சாந்தை அரைத்தேன். யானைகளின் காது மடல் அசைகிற மாதிரியே வந்துவிட்டது. அந்த யானைகளைப் போல நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்யவில்லை. மத்தியானம் சாப்பிடப் போய்த் திரும்பி வந்தால் இரண்டும் வெறும் கம்பியும் செங்கலுமாகக் கிடந்தன. மேஸ்திரி பீடி குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

சாரக்கம்பு ஒன்றை உருவி அவர் தலையில் போட்டேன். காதோரம் பிய்ந்து ரத்தம் தோளில் இறங்கியது. மறு அடிக்கு ஓங்குவதற்குள் என் பிடரியைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து அழுத்திவிட்டார். ஈரப் பூச்சு. சுண்ணாம்பு ஒரு கண்ணுக்குள் போய் எரிந்தது.

"கேளுலே," என்றார். "காத வச்சுக் கேளு. கேக்குதா?"

என் ரத்தம் ஓடுகிற சத்தத்தைத் தவிர எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எட்டி உதைத்தேன். இரண்டு பேரும் சாந்துக் குழிக்குள் விழுந்து புரண்டோம். அவர் என் விலாவில் குத்தினார், நான் அவர் தோளைக் கடித்தேன். வேலையாட்கள்தான் எங்களைப் பிரித்து எடுத்தார்கள்.

முதலாளி மறுபடியும் செய்யச் சொன்னார். இந்தத் தடவை அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். சுதை வேலையில் கண் திறப்பது கடைசி. சாரம் பிரித்து, வீட்டுக்காரர் முன்னால் நின்று, தேங்காய் உடைத்து, பொம்மைக்கு முன் கண்ணாடி காட்டி, அதற்கப்புறம்தான் கண்மணியைக் கீறுவோம். அதுவரை அது சுண்ணாம்பு, கண் திறந்துவிட்டால் அது ஆள். அப்புறம் அதன்மேல் இரும்பு படக்கூடாது. எங்கள் பக்கத்தில் எந்தக் கொத்தனாரும் அந்தக் கட்டுப்பாட்டை மீறமாட்டான், மேஸ்திரி உட்பட. அவர் உடைத்ததெல்லாம் கண் திறக்காத பொம்மைகளைத்தான்.

"உடம்பு ஈரமா இருக்கும்போதே கண்ணைத் திறந்துரு," என்றார் முதலாளி. "அவன் எப்படி ஒடைக்கான்னு பாப்போம்."

எனக்கு அது குளுகுளுவென்று இருந்தது. தும்பிக்கை உலருமுன்னே கண்ணாடி காட்டி லட்சுமிக்கும் யானைகளுக்கும் கண்ணைத் திறந்தேன். மேஸ்திரி கீழே நின்று எல்லாவற்றையும் பார்த்தார். சம்மட்டியைத் தொட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு வேலையைவிட்டே போய்விட்டார். அன்று நான் வெற்றிலை போட்டுக்கொண்டு தெருவை இரண்டு தடவை சுற்றினேன். அது தப்பு என்று எனக்கு இன்றுவரை தோன்றவில்லை. என் யானைகளைக் காப்பாற்ற எனக்கிருந்த ஆயுதம் அது ஒன்றுதான்.

பால்காய்ப்புக்கு நாள் வைத்தார்கள். அதற்கு முன்னால் விடாத மழை. வீடு கட்டியவருக்கு வேட்டி வைத்து மரியாதை செய்ய வேண்டும், அது முறை. அதனால் மேஸ்திரிக்கும் ஆள் போயிற்று. வந்தார், துவைத்த சட்டை போட்டுக்கொண்டு. தாம்பாளத்தில் வைத்திருந்த வேட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறகு போர்டிகோவின் கீழே போய்ச் சுவரில் காதை வைத்தார். சுற்றிலும் மேளக்காரர்கள், பெண்கள், குழந்தைகள். பசுவையும் கன்றையும் போர்டிகோ வழியாகத்தான் உள்ளே ஓட்டப் போகிறார்கள்.

"முதலாளி, சனத்தக் கொஞ்சம் கொல்லை வழியாக் கூட்டிட்டுப் போங்க."

"எதுக்கு?"

"மழத்தண்ணி குடிச்சிருக்கு. பாரம் கூடியிருக்கும்."

"புதுவீட்டுக்குக் கொல்லை வழியா நுழையவா? வத்து, வேண்டாம், பேசாம போ. நல்ல நேரம் முடியப் போவுது."

 மேஸ்திரி தெருவுக்குப் போய், தான் வந்த வண்டியில் கைவிட்டுச் சம்மட்டியை எடுத்து முதுகுப்பக்கம் வேட்டியில் சொருகிக்கொண்டார். தோரணம் கட்டச் சாத்தியிருந்த ஏணியில் ஏறினார். அவரைத் தடுக்க யாருக்கும் தோன்றவில்லை. மேலே போனதும் மரியாதைக்கு வந்த அந்தப் புது வேட்டியைப் பல்லால் கடித்து மூன்றாகக் கிழித்தார். ஒரு துண்டை லட்சுமியின் கண்ணைச் சுற்றிக் கட்டினார். மற்ற இரண்டையும் யானைகளின் கண்களைச் சுற்றிக் கட்டினார்.

"பாரு, வேதக்காரரு நம்ம சாமிக்குப் பட்டுக் கட்டுதாரு," என்று கூட்டத்தில் ஒரு அம்மாள் சொன்னாள்.

முதல் அடி விழுந்தது. இடது பக்க யானையின் தும்பிக்கை தவிலின் மேல் விழுந்து தோலைக் கிழித்தது. ஒரே ஓட்டம், ஒரே கூச்சல். ஒரு நொடியில் போர்டிகோவின் கீழே யாருமில்லை. அவர் நிறுத்தவில்லை. அடித்தார், கையால் பிடுங்கினார், மறுபடியும் அடித்தார். நான் தெருமுனையிலிருந்து அப்போதுதான் வந்தேன், அதற்கு முன் நடந்ததெல்லாம் மற்றவர்கள் சொல்லிக் கேட்டது. கையில் கிடைத்த கல்லை எடுத்துக்கொண்டுதான் ஓடினேன். அவர் மண்டையை உடைப்பது என்ற ஒரே எண்ணம்தான். அருகே வந்து அண்ணாந்து பார்த்தபோது துணி கட்டிய லட்சுமியின் முகம் தெரிந்தது. கை என்னவோ தளர்ந்துவிட்டது. ஏன் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மற்றவர்களுக்குத் தளரவில்லை. மூன்று பொம்மைகளையும் முடித்துவிட்டு அவர் இறங்கும்போது, முதலாளியின் ஆட்கள் காலைப் பிடித்து அவரை ஏணியிலிருந்து இழுத்தார்கள். விழுந்தவரைச் சுற்றி நின்று மிதித்தார்கள். உலக்கை கொண்டுவந்தார்கள். அவர் இடது கையால் வயிற்றைக் கட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தார். வலது கை மட்டும் நீண்டு கிடந்தது. அந்தக் கையைப் படியில் வைத்து, அவருடைய சம்மட்டியாலேயே அடித்தார்கள். எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. அவர் கத்தினார். நான் கல்லைக் கீழே போட்டுவிட்டு, "போதும்லே, விடுங்கலே" என்று நடுவில் விழுந்தேன். எனக்கும் நாலு உதை கிடைத்தது.

போர்டிகோ அசையவில்லை. அன்றும் விழவில்லை, அந்த மழைக்கும் விழவில்லை, அடுத்த வருஷ மழைக்கும் விழவில்லை.

"நிக்குதே, பாத்தீங்களா?" என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். "வேணும்னே ஒடைச்சிருக்கான்."

மேஸ்திரி போலீசுக்குப் போகவில்லை. அவர்களுடைய சாமியார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம். "அவிய பொம்மைய நான் ஒடச்சேன், என் கைய அவிய ஒடச்சாவ. சரியாப் போச்சு," என்று சொல்லிவிட்டாராம். அந்தக் கை அப்புறம் கரணை பிடிக்கவில்லை.

கை ஆறிய பிறகு ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் என் வீட்டுக்கு வந்தார். நான் உட்காரச் சொல்லவில்லை. அவராக உட்கார்ந்தார். இடது கையால் மடியிலிருந்து ஒரு துணிமுடிச்சை எடுத்து என் முன்னால் வைத்தார். அந்தப் புது வேட்டியின் கிழிசல், ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. அவிழ்த்தேன். உள்ளங்கை அளவுக்கு லட்சுமியின் முகம், கண்ணும் நெற்றியும் மட்டும். கூடவே எலுமிச்சங்காய் அளவில் நாலு யானைக் கண்கள். ஒரு கீறல் இல்லை. அன்றைக்கு அவர் கட்டிக்கொண்டு கிடந்தது வயிற்றை அல்ல என்று அப்போதுதான் புரிந்தது.

"கண்ணுல இரும்பு படல," என்றார். "சுத்திவர ஒடச்சிக் கையாலதான் எடுத்தேன்."

துணியை மறுபடியும் முடிந்தேன். கடுமையாகவே கேட்டேன்.

"வேதக்காரரு ஒமக்கு எதுக்குவே இந்தக் கட்டெல்லாம்?"

"ஒனக்கு உண்டுல்லா."

 பிறகு இத்தனை நாளும் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

"மேஸ்திரி, உள்ளதச் சொல்லும். அது விழுந்திருக்குமா?"

அவர் அந்த உடைந்த கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"தெரியாது," என்றார்.

"தெரியாதா? தெரியாமயா என் யானைகள ஒடச்சீரு? தெரியாமயா இந்தக் கையக் குடுத்தீரு?"

"நிக்கும்னு தெரிஞ்சிருந்தா எதுக்குப்பா ஒடைக்கேன்? தெரியாததுனாலதான் ஒடச்சேன். கீழ புள்ளைக நின்னுச்சு."

எனக்கு அவரை மறுபடியும் அடிக்க வேண்டும் போலிருந்தது. விழுந்திருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நிம்மதியாக அவர் காலில் விழுந்திருப்பேன். அந்த ஒரு வார்த்தையைக்கூட அவர் எனக்குத் தரவில்லை. எழுந்து, வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் இறந்தபின், முதலாளி மகன் கல்யாணத்துக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். யுத்தம் முடிந்திருந்தது. மறுபடியும் அதே இடத்தில் யானை வேண்டும். என் கை அப்போது நன்றாகத்தான் இருந்தது. ஆசையும் இருந்தது, இல்லையென்றால் பொய். போர்டிகோவின் கீழே போய் நின்றேன். ஒரு கரணையை வாங்கித் திருப்பிப் பிடித்து அங்கங்கே தட்டினேன். காதைச் சுவரில் வைத்தேன். அன்று சாந்துச் சுவரில் கேட்டதுதான் கேட்டது, என் ரத்தம் ஓடுகிற சத்தம்.

"என்ன வித்தை காட்டுத?" என்றார் முதலாளி. "இத்தன வருஷமா நிக்குது. மேல வச்சா நிக்குமா, நிக்காதா, அதச் சொல்லு."

"தெரியாது முதலாளி," என்றேன்.

கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. காது கொஞ்ச நேரம் கேட்கவில்லை. கரணையைப் படியில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அதற்கப்புறம் வேறு யாரும் அங்கே யானை வைக்கவில்லை. போர்டிகோ இன்னும் மொட்டையாகத்தான் நிற்கிறது, கீழே பிள்ளைகள் விளையாடுகிறார்கள். ஊரில் வழி கேட்டால் அதை யானை வீடு என்றுதான் சொல்கிறார்கள்.